பெரியவரின் பெயர் யாரிடம் இருக்கிறது? முதியோர் இல்லத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே உள்ள குண்டலப்புலியூரில், 2023 பிப்ரவரி 10 அன்று, அன்பு ஜோதி ஆசிரமம் என்ற காப்பகத்துக்குள் காவல்துறையினரும் அரசு அதிகாரிகளும் சோதனைக்கு நுழைந்தார்கள். நுழையக் காரணம் ஒரே ஒரு முதியவர். திருப்பூரைச் சேர்ந்த அவரை, அமெரிக்காவில் வசிக்கும் உறவினர், நண்பர் ஒருவர் மூலம் 2021 டிசம்பரில் அங்கே சேர்த்திருந்தார். பின்னர் அவரைப் பார்க்கக் கேட்டபோது, பெங்களூரில் வேறோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கே விசாரித்தும் ஆள் இல்லை. விவகாரம் ஆட்கொணர்வு மனுவாகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் ஆசிரமத்தின் கதவு திறந்தது. உள்ளே இருந்த 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டு மருத்துவமனைகளுக்கும் வேறு காப்பகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பல ஆண்டுகளாக நடந்துவந்த அந்த இடத்துக்கு உரிய அனுமதி இல்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பாலியல் வன்கொடுமை நடந்தது, சிலரைக் காணவில்லை என்ற குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கு சிபிசிஐடி வசம் போயிற்று.

இதே மாவட்டத்தில்தான் வல்லம் இருக்கிறது. செஞ்சி வட்டத்தில் உள்ள வல்லம் ஊராட்சி ஒன்றியத்துக் கிராமங்களில் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெரியவர்கள் பலர். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, அம்மா இரவில் எழுந்து வெளியே நடக்கிறாள் என்று ஊரிலிருந்து போன் வரும்போது, எந்த ஹோமில் சேர்ப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. குண்டலப்புலியூருக்குப் பிறகு அந்தக் கேள்வியோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த அச்சம் நியாயமானது. அது எதைப் பார்த்து வர வேண்டும், எதைச் சரிபார்த்தால் விலகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாயிற்று

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இந்த விகிதம் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் என அதிகாரபூர்வ மதிப்பீடுகள் கணித்தன. இந்தியப் பெருமாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிறப்பு குறைந்தது, ஆயுள் கூடியது, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள். மூன்றும் ஒரே தலைமுறையில் நடந்துவிட்டன.

செஞ்சிப் பக்கம் ஏரிப் பாசனமும் மானாவாரியும் நம்பிய நிலம். நெல், மணிலா, கரும்பு. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இளையவர்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் கிளம்பினார்கள். படித்தவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். செஞ்சிக்கு இன்னும் ரயில் இல்லை. திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறிப் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். சென்னையில் இருக்கும் மகன் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பலாம், ஆனால் செவ்வாய் காலை அப்பா வழுக்கி விழுந்தால் அவரால் உடனே வர முடியாது. பராமரிப்பின் பெரும் பகுதி இப்படிப்பட்ட செவ்வாய்க்கிழமைகளில்தான் நடக்கிறது.

இதுவரை அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் பெண்கள். மருமகள், மூத்த மகள், கணவனை இழந்து தாய்வீடு திரும்பிய ஒருத்தி என்று யாரோ ஒருவர் கூலியில்லாமல் செவிலியராக இருந்தார். இன்று அவர்களும் நூறு நாள் வேலைக்கோ கம்பெனிக்கோ போகிறார்கள். அதைக் குறையாகப் பேசுவதில் நியாயமில்லை. ஹோமில் விடுவதை உறவு அறுந்ததாக ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்து, முறையான கவனிப்பு இல்லாமல் பெரியவரைத் திண்ணையிலேயே கிடத்திவைக்கும் குடும்பங்களும் உண்டு. எங்கே கிடக்கிறார் என்பதைவிட எப்படிப் பார்த்துக்கொள்ளப்படுகிறார் என்பதே முக்கியம்.

மூன்று சம்பவங்கள், ஒரே குறை

தமிழ்நாட்டில் காப்பகங்களைப் பற்றிப் பேசும்போது மூன்று பெயர்கள் தவிர்க்க முடியாதவை.

முதலாவது ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தத் தர்கா ஊரில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

இரண்டாவது, உத்திரமேரூர் அருகே உள்ள பாலேஸ்வரம். 2018 பிப்ரவரியில் ஒரு வேனில் காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும், உயிரோடு இருந்த முதியவர்களும் ஏற்றிச் செல்லப்பட்டதை ஊர்மக்கள் மறித்தார்கள். விசாரணை அங்கிருந்த கருணை இல்லத்துக்குப் போனது. இறந்தவர்களைச் சிமென்ட் அறைகளில் அடக்கம் செய்யும் முறை சர்ச்சையானது. அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். மூன்றாவது குண்டலப்புலியூர்.

ஏர்வாடி நம்பிக்கை சார்ந்த மனநலக் காப்பகம், பாலேஸ்வரம் இறுதிக்கால இல்லம், குண்டலப்புலியூர் ஆதரவற்றோர் காப்பகம். மூன்றிலும் ஒன்று பொதுவாக இருந்தது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், எப்போது எங்கே போனார்கள், எதனால் இறந்தார்கள் என்ற கணக்கை வெளியிலிருந்து எவரும் தொடர்ந்து பார்க்கவில்லை. தீப்பிடித்த பிறகு, வேனை மறித்த பிறகு, நீதிமன்றம் கேட்ட பிறகுதான் எண்ணிக்கை எடுக்கப்பட்டது.

இங்கிருந்து இக்கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்லிவிடலாம். கட்டடம், படுக்கை, உணவுப் பட்டியல் எல்லாம் பிறகுதான். இல்லத்துக்கு வெளியே இருக்கும் எத்தனை பேருக்கு உள்ளே இருப்பவரின் பெயர் தெரியும், அவர்களால் எந்த நேரத்திலும் உள்ளே போய் அவரைப் பார்க்க முடியுமா என்பதுதான் ஓர் இல்லத்தின் முதல் பாதுகாப்பு. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்க முடியும்.

இல்லம் தேவைதானா?

தேடத் தொடங்கும் முன் தேவையை அளக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து உட்காருதல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துதல், தானே சாப்பிடுதல் ஆகிய ஆறில் எத்தனையைப் பெரியவர் பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்று பார்ப்பது. இதோடு ஏழாவதாக நினைவாற்றலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறையும் தானே செய்கிறார், தனிமைதான் தொல்லை என்றால் இல்லம் அவசரமில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்க இன்று முன்பைவிட உதவிகள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் அதே திட்டத்தில் உண்டு. தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வாசலுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. ஓஏபி எனப்படும் முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பகலில் மட்டும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அன்புச்சோலை மையங்கள் 25 அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஆனால் அவை நகரங்களை மனத்தில் வைத்தவை. வல்லம் போன்ற ஒன்றியத்துக்கு ஒரு பகல் மையம் கிடைத்தாலே பல குடும்பங்கள் ஹோம் தேட வேண்டியிராது.

ஆறில் ஒன்றிரண்டுக்கு மட்டும் உதவி தேவை என்றால் ஆள் வைத்துப் பார்க்கலாம், அல்லது உதவியாளர்கள் உள்ள சாதாரண இல்லம் போதும். நான்கைந்துக்கு உதவி தேவை, யூரின் டியூப் அல்லது மூக்குக் குழாய் போட்டிருக்கிறது, படுக்கைப்புண் இருக்கிறது என்றால் பயிற்சி பெற்ற செவிலியர் இரவும் பகலும் உள்ள இடம்தான் வேண்டும். நினைவு தப்பியவர் என்றால் அது தனி வகை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நடக்கும் சக்தி இருந்து வழி தெரியாமல் போகிறவரை, வாசலைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி அறியாத இல்லத்தில் சேர்த்தால் அவர் நிலை மோசமாகும்.

இல்லம் தேடும் முன் மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டுவதும் அவசியம். முதுமை மருத்துவத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கான தனிப் பிரிவை மருத்துவர் வ. செ. நடராசன் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வல்லத்துக்காரர்களுக்குச் செஞ்சி அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம். குழப்பம், தள்ளாட்டம், படுக்கையில் சிறுநீர் போவது எல்லாம் வயதின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, தைராய்டு, மாத்திரைகளின் மிகுதி ஆகியவை காரணமாக இருந்தால் சரியாகும். சரிசெய்யக்கூடிய நோய்க்காக ஒருவரை நிரந்தரமாக இல்லத்துக்கு அனுப்புவது பெருங்குறை.

எத்தனை வகை இல்லங்கள்

எல்லாவற்றையும் ஹோம் என்றே சொன்னாலும் நம்மிடம் இருப்பவை ஐந்து வகை. முதலாவது, ஆதரவற்றோருக்கான இலவச இல்லம். அரசு மானியத்திலோ நன்கொடையிலோ நடப்பது. 1978-ல் சாவித்திரி வைத்தி சென்னையில் தொடங்கிய விச்ராந்தி இவ்வகையில் நீண்ட வரலாறு உடையது. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர்ப் பக்கம் தாமரைக்குளத்தில் அமைத்த முதியோர் கிராமம் இன்னொரு முன்மாதிரி. இரண்டாவது, மாதக் கட்டண இல்லம். மூன்றாவது, கோயம்புத்தூரைச் சுற்றி அதிகம் உள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகள். அங்கே வீட்டை விலைக்கோ குத்தகைக்கோ எடுக்கிறீர்கள், சேவைக்கு மாதந்தோறும் தனியே தருகிறீர்கள். நான்காவது, செவிலியர் பராமரிப்பு இல்லம். ஐந்தாவது, குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் இறுதிக்கால இல்லம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், முதல் இரண்டு வகை இல்லங்கள் நான்காம் வகையின் வேலையை ஏற்றுக்கொள்ளும்போது. நடமாடிக்கொண்டு சேர்ந்த பெரியவர் மூன்று ஆண்டில் படுத்துவிடுகிறார். இல்லத்தில் செவிலியர் இல்லை. வேறெங்கும் இடமும் இல்லை. ஆகவே சேர்க்கும் நாளிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: "நாளைக்கு இவர் படுத்த படுக்கையானால் நீங்கள் வைத்துக்கொள்வீர்களா, அனுப்பிவிடுவீர்களா?" நேர்மையான இல்லம் தன்னால் எதுவரை முடியும் என்று தெளிவாகச் சொல்லும். எதுவானாலும் பார்த்துக்கொள்வோம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் இடத்தில் மேலும் விசாரியுங்கள்.

சட்டம் தருவதும் தராததும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாடு 2009-ல் அதற்கான விதிகளை வகுத்தது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுப் பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். செஞ்சி வட்டம் திண்டிவனம் கோட்டத்தில் அடங்கும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். பாதுகாக்க வேண்டிய முதியவரைக் கைவிட்டுப் போவது 24-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இல்லங்களைப் பொறுத்தவரை இச்சட்டம் தளர்வாகவே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டாயப்படுத்தவில்லை. தனியார் இல்லங்களைப் பதிவுசெய்து, குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயித்து, கண்காணிப்பதற்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. அது சட்டமாகவில்லை.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்தையும் 2009 முதல் ஒரு தனி ஆணையம் ஆய்வு செய்கிறது. மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது என நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து, அறிக்கையை எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. இலங்கையில் 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் முதியோரைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்கிறது. நம் குடும்பம் ஒன்று விழுப்புரம் மாவட்டத்து இல்லத்தின் ஆய்வறிக்கையைப் படிக்க நினைத்தால் அப்படி வெளியிடப்பட்ட அறிக்கை எதுவும் கைக்கு எட்டுவதில்லை. அந்த இடைவெளியைக் குடும்பமே தன் கண்ணால் நிரப்ப வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியது இதுதான். விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலரிடம் இல்லத்தின் பெயரைச் சொல்லி, அது பதிவானதா, பதிவு எதுவரை செல்லும், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனநோயுள்ளவர் என்றால் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த இடம்தானா என்று பார்க்க வேண்டும். வழிகாட்டலுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாமல், அதிலுள்ள தேதியைப் படியுங்கள்.

நேரில் பார்க்க வேண்டியவை

இல்லத்துக்கு இரண்டு முறையாவது போக வேண்டும். ஒன்று, சொல்லிவிட்டுப் பகலில். மற்றது, சொல்லாமல், மாலை ஏழு மணிக்கு மேல். பகலில் மேலாளர் இருப்பார், இரவில்தான் இல்லத்தின் உண்மையான ஆள்பலம் தெரியும். முப்பது பேர் படுத்திருக்கும் இடத்தில் இரவு ஒரே ஒரு ஆள் என்றால், இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் முடியாமல் போனால் என்ன செய்வார் என்று நேரடியாகக் கேளுங்கள்.

படுத்திருப்பவர்களைப் பாருங்கள். முதுகெலும்பின் கீழ், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப்புண் வரும். அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கமான பாதுகாப்பு. யார் புரட்டுகிறார்கள், எங்கே குறித்துவைக்கிறார்கள் என்று கேளுங்கள். புதிய புண்கள் தொடர்ந்து வரும் இல்லத்தில் ஆள் போதவில்லை என்று பொருள். டயப்பரை எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும். ஆனால் பினாயில் வாசனை மட்டும் தூக்கலாக இருப்பதும் நல்ல அறிகுறி ஆகாது.

மருந்துக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தாள், நேரம், கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் தூக்கமருந்து பற்றிக் கேளுங்கள். கட்டிலோடு துணியால் கட்டியிருந்தால் காரணமும் மருத்துவர் உத்தரவும் கேளுங்கள். விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டுகிறோம் என்று சொல்வார்கள். கட்டப்பட்டவர் தீயில் என்ன ஆவார் என்பதை ஏர்வாடி காட்டியது. அமெரிக்காவில் 1987-ல் வந்த செவிலியர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஊழியர் வசதிக்காக முதியவரைக் கட்டிவைப்பதைத் தடை செய்தது. நம் இல்லங்களும் அதை ஒரு விதியாக ஏற்க வேண்டும்.

கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, உட்காரும் வகைக் கோப்பை இருக்கிறதா, படுக்கையிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும் என்று பாருங்கள். மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவார்கள், மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், 108 ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே யார் போவார்கள் என்றும் கேட்க வேண்டும். உணவு நேரத்தில் கூட இருந்து பாருங்கள். கேழ்வரகுக் கூழும் களியும் சாப்பிட்டு வளர்ந்த செஞ்சிப் பெரியவருக்கு மூன்று வேளையும் இட்லியும் ரசம் சோறும் என்றால் ஒரு வாரத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். ஊட்டிவிட வேண்டியவர்களுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே இருப்பவர்களோடு, ஊழியர் பக்கத்தில் இல்லாதபோது, பேசுங்கள். அப்படிப் பேச விடாத இல்லத்தில் சேர்க்காதீர்கள். உள்ளே இருப்பவர் வீட்டுக்குப் போன் பேச முடிகிறதா, கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போக முடிகிறதா, வெளியேற நினைத்தால் வெளியேறலாமா என்பவையும் கேள்விகளே. முடிவெடுக்கும் தெளிவுள்ள முதியவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்கும் உரிமை பிள்ளைக்குக் கிடையாது. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். முடிந்தால் ஒரு வாரம் தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம், ஆவணம், நிலம்

ஒப்பந்தம் எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, அது எப்போது எவ்வளவு திரும்பும், இறந்தால் யாருக்குத் திரும்பும், கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்பவை அதில் வர வேண்டும். டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு, தனி அட்டெண்டர் ஆகியவை மாதக் கட்டணத்தில் சேருமா என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். பெரும்பாலான சச்சரவு இங்கேதான் தொடங்குகிறது.

ஆதார், வங்கிப் புத்தகம், ஏடிஎம் அட்டை, பென்ஷன் ஆவணங்கள் பெரியவரிடமோ அவர் நம்பும் உறவினரிடமோ இருக்கட்டும். இல்லத்துக்கு நகல் போதும். ஓய்வூதியர் என்றால் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தர இல்லம் உதவுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டையோ நிலத்தையோ இல்லத்தின் பெயருக்கு எழுதித் தந்து இடம் பிடிக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தானமாக எழுதும்போதும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி தருகிறது. அப்பிரிவின் கீழ் சொத்தின் வசத்தையே முதியவருக்குத் திருப்பித் தர உத்தரவிட தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. செஞ்சிப் பக்கம் அரை ஏக்கர் நிலம்தான் பல பெரியவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பேச்சுரிமை.

இறப்பைப் பற்றியும் பேசுங்கள்

இதைக் கேட்கத் தயங்குகிறோம். பெரியவர்களுக்கோ இதுதான் முதல் கவலை. யார் கொள்ளி வைப்பார்கள், ஊருக்குக் கொண்டுபோவார்களா, கருமாதி நடக்குமா என்றுதான் நினைப்பார்கள். இறந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குத் தகவல் சொல்வார்கள், இறப்புச் சான்று யார் வாங்குவார், உடலை எங்கே வைப்பார்கள், உறவினர் வர முடியாவிட்டால் எந்த முறையில் அடக்கமோ தகனமோ செய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பாலேஸ்வரத்தில் எழுந்த சர்ச்சையும் இறந்தவர்களை அடக்கம் செய்த முறை பற்றியதுதான். வெண்டிலேட்டர் போன்ற உயிர்நீட்டும் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. பெரியவருக்கு விருப்பமிருந்தால் அதையும் எழுதிவைக்கலாம்.

சேர்த்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

வல்லத்துக்காரருக்கு எந்த ஊர் இல்லம் சரி? திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை எல்லாம் பஸ்ஸில் போய்வரக்கூடிய தொலைவு. பாண்டிச்சேரி சற்றுத் தள்ளி. சென்னையில் வசதி அதிகம் உள்ள இல்லங்கள் உண்டு. மகன் சென்னையில் இருந்தால் சென்னை சரி. எல்லாப் பிள்ளைகளும் வெளிநாட்டில் என்றால் ஊர்ச் சொந்தம் யாராவது வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கக்கூடிய திண்டிவனத்து எளிய இல்லம், எவரும் போகாத பெருநகரத்து வசதியான இல்லத்தைவிட மேல். வசதியைச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் தொலைவைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதாமாதம் பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை காணொளியில் பேசுங்கள், இல்லத்து ஊழியர் நடுவில் நிற்காமல் பேசுங்கள். ஊரில் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, அவர் பெயரை இல்லத்துப் பதிவேட்டில் சேர்த்து, வேறு இடத்துக்கு மாற்றுவதானால் அவர் கையெழுத்தின்றி மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குண்டலப்புலியூரில் அந்தத் திருப்பூர் முதியவரைத் தேடி ஓர் ஆள் விடாமல் கேட்டதால்தான் மற்ற 140-க்கும் மேற்பட்டவர்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. அவர்களில் பலரைக் கேட்க எவருமில்லை.

கேட்க எவருமில்லாதவர்களுக்கு யார் பொறுப்பு? குடும்பம் இருப்பவர்களுக்கு நல்ல இல்லம் தேடித் தருவதோடு இந்த ஆய்வு முடிந்தால் அது அரைகுறை. இல்லாதவர்களுக்கு அரசும் ஊரும்தான் உறவு. மாவட்டத்தில் பதிவான இல்லங்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் இருப்போர் எண்ணிக்கை, கடைசி ஆய்வின் தேதியும் முடிவும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பதிவு இல்லாத இடம் எதுவானாலும், எவ்வளவு புண்ணியத்தின் பெயரால் நடந்தாலும், அதில் ஒரு முதியவரையும் போலீஸ் நிலையமோ மருத்துவமனையோ அனுப்பக் கூடாது.

இதில் ஊராட்சிக்கும் இடம் உண்டு. அக்டோபர் 1 உலக முதியோர் தினம். மறுநாள் காந்தி ஜெயந்தியன்று கிராம சபை கூடுகிறது. வல்லம் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியும் அந்தச் சபையில் மூன்று தகவல்களைக் கேட்டுப் பதிவுசெய்யட்டும்: நம் ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், நம் ஊரிலிருந்து எந்தெந்த இல்லத்துக்குப் போனவர்கள் யார், அவர்களைக் கடைசியாகப் போய்ப் பார்த்தது யார். வீட்டில் ஒரு பெரியவரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வருகிற கிராம சபைக்குப் போய் இந்தக் கேள்விகளை எழுப்புங்கள்.